பதிவேட்டில் ஏறாத பாம்புக்கடி

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் வயல். மேற்கே மலை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, ரப்பர்த் தோட்டங்கள். 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறும் வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. இன்றும் இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும், கூலி வேலைக்குப் போய் வருவதும் சோதனைச் சாவடியைக் கேட்டு நடப்பதில்லை. பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் எது எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. எந்த வண்டி கிடைத்தது, எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்பதுதான் அப்போது கணக்கு.

ஆனால் மருந்துக்கு மாநிலம் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. மருந்து கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்திருப்பார்கள். எடுக்க எடுக்கக் கழியும். கேரளமும் தனக்கென்று ஒரு கழகத்தை வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. மலைக்கு அந்தப்பக்கத்து அலமாரியில் இருக்கும் குப்பி இந்தப்பக்கத்துக் கணினியில் தெரியாது.

எல்லையோர அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். பாம்புக்கடி மருந்து எவ்வளவு வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று மருந்தாளுநர் அக்காவிடம் கேட்டேன். "போன வருடம் செலவானதைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி இன்டென்ட் எழுதுவோம் தம்பி" என்றார். இன்டென்ட் என்பது மருந்து கேட்டு அனுப்பும் தாள். பிறகு இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, வெறுமையாகக் கிடந்த மூன்று மாதங்களின் மேல் விரலை வைத்தார். "இந்த மூன்று மாதம் யாரையும் பாம்பு கடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் மருந்து இல்லை. வந்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்."

மருந்து இருப்பை நிர்வகிப்பதில் உள்ள மிகப் பெரிய சிக்கல் அந்த வெற்று வரிகளில்தான் இருக்கிறது. பதிவேடு கொடுத்ததை எழுதும். கேட்டும் கொடுக்க முடியாமல் போனதை எழுதாது. நோயாளி வராத மாதமும் மருந்து இல்லாத மாதமும் அதில் ஒரே பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அடுத்த ஆண்டு மருந்து குறைவாக வரும், குறைவாக வந்தால் இன்னும் சீக்கிரம் தீரும், பூஜ்யங்கள் பெருகும்.

இதைத் திருத்த ஓர் எளிய கணக்கு உண்டு. ஆண்டில் 270 குப்பி செலவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 22 அல்லது 23. ஆனால் மூன்று மாதம் கையிருப்பே இல்லை என்றால் 9ஆல்தான் வகுக்க வேண்டும். அப்போது மாதத்துக்கு 30 குப்பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 90 குப்பி. விஷம் ஏறிய ஒருவருக்கு முதல் தவணையாகவே 8 முதல் 10 குப்பி ஏற்றுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த 90, ஒன்பது பேரின் முதல் தவணை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் சிறியது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. முறிக்க வேண்டியது அந்த விஷத்தை.

சராசரி சரியாகக் கிடைத்தாலும் போதாது. மாதம் 30 குப்பி என்றால் மாதத்துக்கு மூன்று பேர். ஆனால் மாதாமாதம் மூன்று பேர் வரிசையில் நின்று வருவதில்லை. அரிதாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பாய்சான் பரவல் என்ற கணிதம் பொருந்தும். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு இது பொருந்துவதை 1898இல் போர்ட்கிவிச் என்ற புள்ளியியலாளர் காட்டினார். பாம்புக்கடிக்கு இதை வைத்துப் பார்த்தால், சராசரி 3 என்றாலும் ஆறு பேரோ அதற்கு மேலோ வரும் மாதம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை நிச்சயம் எதிர்பார்க்க வேண்டிய மாதம் அது. ஒருவர்கூட வராத மாதமோ இருபதில் ஒன்றுதான். ஆகவே ஓர் ஆண்டில் மூன்று பூஜ்ய மாதங்கள் தென்பட்டால், அங்கே பாம்பு குறைந்துவிட்டது என்று மகிழாமல் கிடங்கைப் போய்ப் பார்க்க வேண்டும். உண்மையில் நிலைமை இந்தக் கணிதத்தைவிடக் கடினமானது. சாரல் விழுந்து வயலில் வேலை தொடங்கும் நாட்களில் கடிகள் கூட்டமாக வரும்.

மீண்டும் இன்டென்ட் போட வேண்டிய அளவு இதிலிருந்துதான் பிறக்கிறது. கேட்ட மருந்து கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றால், அந்த ஒரு மாதத்துச் சராசரித் தேவை 30 குப்பி. எதிர்பாராமல் கூடினால் தாங்க இன்னொரு 30. இருப்பு 60ஐத் தொடும் அன்றே தாள் போக வேண்டும். அப்படிச் செய்தால், முதல் தவணை மருந்து போதாமல் போவது நூறு மாதத்தில் மூன்று நான்கு மாதம்தான். "இன்னும் 60 குப்பி இருக்கிறதே" என்று காத்திருப்பது இயல்பு. ஆனால் இந்த மருந்தை அவசரத்துக்கு எங்கும் காய்ச்சி எடுக்க முடியாது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தருகிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும் வரை காத்திருந்து, பிரித்துச் சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை.

விலையை மட்டும் பார்த்து அலமாரியை அடுக்குகிறவர்கள் இன்னோர் இடத்தில் தவறுவார்கள். விலை உயர்ந்த மருந்தை நாள்தோறும் எண்ணிவிட்டு, மலிவானதை ஆண்டுக்கு ஒரு முறை எண்ணுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்ததா என்று அறிய முதலில் தேவைப்படுவது ஒரு கண்ணாடிக் குழாய். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் இதற்கு ஆகாது. சோப்புத்தூள் ஒட்டிய குழாயும் ஆகாது. நல்ல இரத்தமே அவற்றில் உறையாமல் நின்று ஏமாற்றும். சில ரூபாய்க் குழாய் தீர்ந்துபோனால், தேவையில்லாதவருக்குக் குப்பி குப்பியாக மருந்து ஏறும். அட்ரினலினும் அப்படித்தான். விஷமுறிவு மருந்து குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அப்போது உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்த மலிவான ஊசி. நல்ல பாம்பு கடித்து மூச்சு அடங்கும் நிலையில் கொடுக்கும் நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் அதே வரிசை. இவற்றைத் தனித்தனி மருந்தாக எண்ணுவதே பிழை என்பேன். இவை ஒரே தட்டில் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தட்டு குறைதான்.

மலையடிவாரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு சிறு குழிவிரியன் இருக்கிறது. அதன் விஷத்தை இது முறிப்பதில்லை. அந்தக் கடிக்கு 20 குப்பி ஏற்றினாலும் பதிவேட்டில் அது "செலவு" என்றே ஏறும். நோயாளிக்குத் தேவைப்பட்டதோ சிறுநீரகத்தைக் காக்கும் டயாலிசிஸாக இருக்கலாம்.

காலாவதி விஷயம் நேரானது. முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்க வேண்டும். தூள் வடிவ மருந்து குளிர்ந்த அறையில் தாங்கும். திரவ வடிவம் 2 முதல் 8 டிகிரியில்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு கடி வரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடக்கும் குப்பிகளை, காலம் முடிய ஆறேழு மாதம் இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு, அங்கே புதியதை வைக்கலாம். மாவட்டத்துக்குள் இது ஒரு கடிதத்தில் முடியும். மலையைத் தாண்டி அது நடக்க இன்றைக்கு வழி தெரியவில்லை. இரு மாநிலங்களும் எல்லையோர மருத்துவமனைகளின் இருப்பையாவது ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அந்த அக்கா இப்போது பதிவேட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறார். கேட்டது, கொடுத்தது, கொடுக்க முடியாதது என்று மூன்று கோடு. நான் பார்த்த அன்று கடைசியாக இருந்த வரி இது: "இரவு 8 மணி. ரப்பர் வெட்டும் ஆள், மலைக்கு அந்தப்பக்கம். வலது கால். கேட்டது 10. இருந்தது 4. ஏற்றி அனுப்பினோம். பாக்கி 6." மறுநாள் எழுதிய இன்டென்டில் அந்த 6ஐயும் சேர்த்திருந்தார்.