‘கொய்ங்’ சத்தம் சீரிஸில்தான் தானாக அடங்கும்

போன வாரமும் ஒருவர் வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டுக்கு ராகிக் காடு இருக்கிறது. யானை இறங்கிவிட்டது என்று ராத்திரி வெடி போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று முகத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துவிட்டது. இடது காதில் அன்றிலிருந்து ‘கொய்ங்’. என்னிடம் வந்தது மூன்று வாரம் கழித்து. ஏன் தம்பி இவ்வளவு நாள் என்று கேட்டேன். “அதுவா அடங்கிடும்னு இருந்துட்டேன் மேடம். சீரிஸ்ல எல்லாம் குண்டு வெடிச்சா கொஞ்ச நேரம் கொய்ங்னு கேக்கும், அப்புறம் சரியாயிடுதே” என்றார்.

கிருஷ்ணகிரியில் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் வேலை பார்க்கிறேன். கல் குவாரி ஆட்கள், கோயில் திருவிழாவில் வேட்டு போடுகிறவர்கள், ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரர்கள் என்று யார் வந்தாலும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு என் காதே புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விண்வெளிப் போர் சீரிஸ்களை நானும் பார்க்கிறவள்தான். விண்வெளியில் காற்றே இல்லையே, வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்று அதன் ரசிகர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். 2002-இல் வந்த ஃபயர்ஃபிளை தொடர் விண்வெளிக் காட்சிகளைச் சத்தமில்லாமல் காட்டிப் பாராட்டு வாங்கியது. சரி, நல்லது. என் எரிச்சல் கப்பலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியது. அங்கே காற்று இருக்கிறது. சுற்றிலும் உலோகச் சுவர், குறுகலான நடைபாதை. அதற்குள் ஒரு கூட்டமே நின்று சடசடவென்று சுடுகிறது. லேசர் என்றாலாவது விட்டுவிடலாம். ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரிலும், 2004-இல் புதிதாக எடுத்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவிலும் வீரர்கள் சுடுவது நிஜமான தோட்டாவை. சுட்டு முடித்த அடுத்த நொடி தளபதி கிசுகிசுக்கிறார். கடைசியில் நிற்கிற சிப்பாய் தலையாட்டுகிறான்! அவனுக்கு அது கேட்கவே கேட்காது.

ரைஃபிள் சுடும்போது சுடுபவரின் காதருகே சத்தத்தின் உச்ச அளவு 150 டெசிபலைத் தாண்டும். தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வரம்பு 85. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 140-ஐத் தாண்டிய வெடியோசைக்கு மணிக்கணக்கே கிடையாது, ஒரே ஒரு தடவை போதும். சத்தத்தை உணர்வது உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள்தான், செத்துப்போனால் அவை மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

நம்பாதவர்களுக்கு ஒரு நிஜக் கதை. ஸ்டார் டிரெக் 1966-இல் தொடங்கியது. அதில் ‘அரீனா’ என்ற பகுதியின் படப்பிடிப்பில் ஸ்பெஷல் எஃபெக்ட் வெடி ஒன்று நடிகர்களுக்குப் பக்கத்தில் வெடித்தது. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்கு இடது காதிலும், ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய்க்கு வலது காதிலும் இரைச்சல் வந்தது. வந்தது போகவில்லை. அந்த இரைச்சல் தன்னை எவ்வளவு பாடுபடுத்தியது என்று ஷாட்னர் பல இடங்களில் பேசியிருக்கிறார். கதையில் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் காதில் ஒரு குறையும் கிடையாது. வேஷம் போட்டவர்களின் காதுதான் போனது, அதுவும் செட்டில் வைத்த வெடியில்.

அதே தொடரில் எஞ்சினியர் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹன் நிஜமாகவே போருக்குப் போனவர். 1944 ஜூன் 6, நார்மண்டி கடற்கரையில் கனடா ராணுவ அதிகாரியாக இறங்கி, குண்டடி பட்டு, வலது கை நடுவிரலை இழந்தார். திரையில் அந்தக் கை பெரும்பாலும் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள். அதற்காக எல்லாத் தொடரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவில்லை. டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் 1998-இல் நாக் என்கிற இளம் வீரன் போரில் காலை இழக்கிறான். புதுக் கால் பொருத்திய பிறகும் வலிக்கிறது என்கிறான், கைத்தடி ஊன்றுகிறான், அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். காலுக்குக் கிடைத்த அந்த மரியாதை காதுக்கு ஏனோ கிடைக்கவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் நஷ்டஈடு வாங்கும் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது காது இரைச்சல்தான்.

இப்போது என்னை அதிகம் கோபப்படுத்தும் வார்த்தைக்கு வருகிறேன்: “பழகிடும்.” பழகாது. திரும்பவும் சொல்கிறேன், காது சத்தத்துக்குப் பழகாது. முதல் வெடியில் காது அடைக்கும், ஓரிரு நாளில் திறந்த மாதிரி இருக்கும். உடனே ‘பார்த்தீங்களா, சரியாயிடுச்சு’ என்பார்கள். காதை டெஸ்ட் பண்ணி நாங்கள் எடுக்கும் கிராஃபில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மேல்ஸ்தாயியில், கோடு லேசாக இறங்கியிருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. அடுத்த வெடியில் இன்னும் கொஞ்சம் இறங்கும். பத்து வருஷம் கழித்து வேட்டுச் சத்தம் உறைக்கவில்லை என்றால், காது உரமேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கேட்கிற செல்களில் ஒரு பங்கு செத்துவிட்டது.

ரிட்டயர் ஆன ஹவில்தார் ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தார். “கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க, எல்லாம் மிலிட்டரித் திமிரு” என்றார். டெஸ்ட் பண்ணினால் அவருக்குக் கீழ்ஸ்தாயி நன்றாகக் கேட்கிறது. மேல்ஸ்தாயிதான் இல்லை. அதாவது யாரோ பேசுவது தெரியும். சொன்னது கடையா, சடையா, தடையா என்று பிரியாது. கேட்கிறது, புரியவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் திமிர்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெடிக்குப் பிறகு காது அடைத்திருந்தாலோ இரைச்சல் இருந்தாலோ மறுநாள் காலைக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். மாத்திரைக்குப் பலன் இருந்தால் அது முதல் சில நாளில்தான். மூன்று வாரம் கழித்து வந்தால் என்னால் கிராஃப் எடுத்துக் கையில் கொடுக்க முடியும், வேறென்ன செய்ய? தேங்காய் எண்ணெய், பூண்டு எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம், தண்ணீர்கூடப் போகக்கூடாது.

பஞ்சு வைப்பது பாதுகாப்பே இல்லை. ஃபோம் இயர்பிளக் மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், விலை சொற்பம். மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதாகவே அர்த்தமில்லை.

காட்டோரத்துக்காரர்களே, பட்டாசுக்கு அரசு வைத்த 125 டெசிபல் வரம்பு 4 மீட்டர் தள்ளி நின்று அளப்பது. கையில் பிடித்துக் கொளுத்துகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வனத்துறைக்குப் போன் போடுங்கள், தனியாக இறங்காதீர்கள்.

படையில் சேரத் தயாராகும் பிள்ளைகளே, அங்கே மருத்துவச் சோதனையில் காதும் உண்டு. இயர்போனை முழு வால்யூமில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். சேர்ந்த பிறகு ஃபயரிங் ரேஞ்சில் காதுக்கவசம் போடச் சொன்னால் போடுங்கள் கண்ணு. சீரிஸ் ஹீரோவுக்கு டப்பிங் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

முன்னாள் வீரர்கள் வெட்கப்படாமல் வாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் காது கேட்கும் கருவிக்கு வழி இருக்கிறது. வரும்போது பணியில் இருந்த காலத்து ஆடியோகிராம், அதாவது காது டெஸ்ட் கிராஃப், இருந்தால் எடுத்து வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.