ஒரே புட்டா, ஆறு வரிசை

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டில் தறி, பின்கட்டில் டிவி. தொண்ணூறுகளின் நடுவில் மாமா வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டியை அந்த டிவியில் மாட்டி, மஞ்சள் கேசட்டைச் செருகி, வானத்திலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் தறிக்குழியிலிருந்து டீ குடிக்க எழுந்து வந்த அப்பா, டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“என்னடா இது, ஒரே புட்டாவ வரிசையா போட்டு ஏமாத்தறான்?”

சேலையின் உடம்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பூவுக்குத்தான் புட்டா என்று பெயர். அவர் சொன்னதில் எவ்வளவு பொறியியல் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பதினைந்து வருஷம் ஆனது.

காசு போட்டு ஆடும் ஆளுயரப் பெட்டியில் பிறந்த விளையாட்டை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவருவதைப் போர்ட் செய்வது என்பார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுகிற வேலை போலத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பழைய புரோகிராமில் ஒரு வரிகூடப் புதுப் பெட்டிக்கு உதவாத நிலை சாதாரணம். இதைச் சொல்ல ஸ்பேஸ் இன்வேடர்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த, வரிசை வரிசையாக இறங்கும் பூச்சிகளைச் சுடும் விளையாட்டு அது. உள்ளே இன்டெல் 8080 சிப், நொடிக்குச் சுமார் 20 லட்சம் துடிப்பு. டிவித் திரையைப் பக்கவாட்டில் திருப்பி நிமிர்த்தி வைத்திருந்தார்கள்: அகலம் 224 புள்ளி, உயரம் 256. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் குறித்து வைக்க 7,168 பைட் வேண்டும். பெட்டியின் மொத்த நினைவகமே 8,192 பைட். ஆக, மீதி 1,024 பைட்டில்தான் ஸ்கோர், குண்டுகள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாம். கலர் கிடையாது, கண்ணாடி மேல் கலர்த் தாளை ஒட்டிச் சமாளித்தார்கள்.

தறிக்காரர் பாஷையில் சொன்னால், டிசைன் முழுவதும் வரைந்த கிராப் தாள் ஒன்று அந்தப் பெட்டிக்குள் எப்போதும் விரித்தபடி இருந்தது. டிவிக்குப் படம் அனுப்பும் சுற்று அதை நொடிக்கு 60 தடவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை படித்துக் காட்டும். சிப்பின் வேலை, தாளில் அழிப்பதும் வரைவதும்.

அதுவும் லேசான வேலை இல்லை. எட்டுப் புள்ளிகள் சேர்ந்து ஒரு பைட். ஒரு பூச்சியை மூன்று புள்ளி நகர்த்தினால் அது இரண்டு பைட்டுகளின் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். 8080-க்கோ ஒரு கட்டளையில் ஒரு புள்ளி அளவுதான் தள்ளத் தெரியும். தள்ளிக் கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு சுற்றை வைத்தார்கள்.

அப்படியும் நேரம் பற்றவில்லை. திரையில் 11 பேர் கொண்ட ஐந்து வரிசை, மொத்தம் 55 பூச்சி. எல்லாரையும் ஒரே மூச்சில் அழித்து வரைய முடியாது. அதனால் ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒரு தடவை காட்டப்படும் நேரத்துக்கு, ஒரு பூச்சி என்று முறை வைத்தார்கள். ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொருவராக டிக்கெட் கொடுத்துக்கொண்டு வருகிற மாதிரி. 55 பேரும் இருந்தால் ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். 27 பேர் என்றால் அரை நொடிக்கும் கீழே. ஒரே ஒரு பூச்சி மிஞ்சிவிட்டால், ஒவ்வொரு பிரேமிலும் அதன் முறைதான். நொடிக்கு 60 தடவை நகரும்.

பூச்சிகள் குறையக் குறைய வேகம் ஏறுவது இப்படி வந்ததுதான். யாரும் திட்டமிட்டு எழுதவில்லை, சிப்பின் போதாமை. நிஷிகாடோ அதைக் கவனித்தார், நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கடையில் இதே ஜாதிப் பெட்டி ஒன்று இருந்தது. கைப்பிடி இடதுபக்கம் சரியாகவே போகாது. அதில் கடைசிப் பூச்சியிடம் தோற்று எத்தனை டோக்கன் போயிற்று என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சரி, வீட்டுப் பெட்டிக்கு வருவோம்.

அமெரிக்காவில் அடாரி நிறுவனம் 1977-ல் விட்ட பெட்டி, பின்னால் 2600 என்று பெயர் பெற்றது. ஸ்பேஸ் இன்வேடர்ஸை முறையாக உரிமம் வாங்கி 1980-ல் அதற்குக் கொண்டு வந்தார்கள். கடைப் பெட்டி விளையாட்டு ஒன்று அப்படி உரிமத்தோடு வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. எழுதியவர் ரிக் மாரர். அவர் கையில் கொடுக்கப்பட்ட நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். இன்றைய யூனிகோட் முறையில் ‘சேலம் புதிய பேருந்து நிலையம்’ என்று எழுதினாலே 78 பைட் போய்விடும், மிச்சம் 50. அதில் ஒரு விளையாட்டு முழுவதும் நடக்க வேண்டும்.

அடாரித் திரையில் அகலவாக்கில் 160 புள்ளி, உயரத்தில் 192 கோடு. வெறும் எரிகிறதா அணைகிறதா என்று குறிக்கவே 3,840 பைட் வேண்டும். இருப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. கிராப் தாளை விரிக்க இடமே இல்லை. அப்புறம் படம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் தறி. ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்து டிசைன் போடும் ஜக்காடு பூட்டிய தறிக்குச் சேலையின் முழு டிசைன் தெரியாது. அதற்குத் தெரிந்தது இந்த நிமிஷம் மாட்டியிருக்கும் ஓர் அட்டை மட்டும். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே எழும், நூல் சுமக்கும் நாடா குறுக்கே ஓடும், குறுக்கு நூலாக ஓர் ஊடை விழும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. பழைய டியூப் டிவியும் அப்படித்தான்: எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்து, திரும்பி வந்து, அடுத்த கோட்டுக்கு இறங்கும். அமெரிக்க டிவியில் நொடிக்குச் சுமார் 15,700 கோடு.

அடாரியின் படச் சிப்புக்கு ஒரு கோட்டின் விவரம் மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியும். ஆளுக்கு எட்டுப் புள்ளி அகலத்தில் இரண்டு உருவங்கள், இரண்டு குண்டு, ஒரு பந்து, பின்னணிக்குக் கொஞ்சம் கட்டை கட்டையான புள்ளிகள். அவ்வளவுதான். அடுத்த கோட்டில் வேறு வடிவம் தெரிய வேண்டுமானால், கற்றை அங்கே போய்ச் சேர்வதற்குள் புரோகிராம் எண்களை மாற்றியாக வேண்டும். நெசவாளி தயார் அட்டைக் கட்டைத் தொங்கவிட்டிருப்பார். இங்கே நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிற நேரத்துக்குள் அடுத்த அட்டையில் ஓட்டை போட்டு மாட்டவும் வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது சிப்பின் 76 துடிப்பு. ஒரு எண்ணை எடுத்துப் படச் சிப்பில் வைக்கவே ஐந்திலிருந்து ஏழு துடிப்பு ஆகிறது. அப்படியானால் கோட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து மாற்றத்துக்கு மேல் கிடையாது. ஒரு துடிப்பு பிந்தினாலும் பூச்சியின் தலை ஓரிடத்தில், கால் வேறிடத்தில் விழும். நெய்து முடித்த ஊடையைப் பிரிக்க வழியில்லை.

இன்னொரு வினோதம். இந்த உருவம் திரையின் இந்த இடத்தில் வரட்டும் என்று எண் கொடுத்துச் சொல்ல முடியாது. கற்றை அந்த இடத்தைக் கடக்கும் நொடிப்பொழுதில் “இங்கே” என்று குரல் கொடுக்க வேண்டும். துடிப்பை எண்ணிக்கொண்டே காத்திருந்து, சரியான நேரத்தில் படச் சிப்புக்கு ஒரு கட்டளை. சிப்பின் ஒரு துடிப்புக்குள் கற்றை மூன்று புள்ளி ஓடிவிடும் என்பதால், மிச்சத்தைச் சரிசெய்யத் தனியாக ஒரு நுண்ணசைவு வசதியும் வைத்திருந்தார்கள்.

இரண்டே உருவங்களை வைத்துக்கொண்டு பூச்சிப் படையை எப்படிக் காட்டுவது? அப்பா சொன்ன புட்டாதான் பதில். ஓர் உருவத்தை அதே கோட்டில் மூன்று தடவை போடு என்று படச் சிப்பிடம் சொல்லலாம். இரண்டு உருவம், மூன்று மூன்று பிரதி, மொத்தம் ஆறு. வரிசை முடிந்ததும் வடிவத்தை மாற்றி அதே இரண்டு உருவங்களைக் கீழே மறுபடி பயன்படுத்தினால் அடுத்த வரிசை தயார். அடாரிப் பிரதியில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக 36 பூச்சி. கடைப் பெட்டியின் 55 எங்கே போயிற்று என்று அக்காலத்துப் பையன்கள் கேட்டிருப்பார்கள். நிமிர்ந்த திரைக்குச் செய்த விளையாட்டு படுத்த திரைக்கு வந்ததும் ஒரு காரணம். ஒளிந்துகொள்ளும் அரண்களும் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டன.

சுடுபட்ட பூச்சியை மறைப்பது தனித் தலைவலி. மூன்று பிரதியில் ஓரத்தில் உள்ளது செத்தால் ‘இரண்டு பக்கத்தில் பக்கத்தில்’, நடுவில் உள்ளது செத்தால் ‘இரண்டு, இடைவெளி விட்டு’ என்று சிப்பில் சில முறைகள் உண்டு. இடது ஓரம் காலியானால் தொடக்க இடத்தையும் தள்ள வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு வரிசைக்கும் கற்றை வந்து சேர்வதற்குள் முடிக்க வேண்டும். கற்றை அடிவரை போய் மேலே திரும்பும் இடைவெளியில், ஒரு படத்துக்கு 70 கோடு நேரம், 5,320 துடிப்பு கிடைக்கும். கைப்பிடியைப் பார்ப்பது, ஸ்கோர் கூட்டுவது, குண்டை நகர்த்துவது எல்லாம் அந்தச் சந்தில்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். அடாரியில் எப்படியும் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாப் பூச்சியையும் புதிதாக நெய்துதான் ஆக வேண்டும். 36 இருந்தாலும் ஒன்று இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்; படையை நகர்த்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். அதாவது வேகம் தானாக ஏறாது. அந்தத் திணறல் இல்லாமல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் உப்பில்லாத சாம்பார். ஆகவே எத்தனை பூச்சி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டும்படி எழுத வேண்டியிருந்தது. ஒரு பெட்டியின் இயலாமையை இன்னொரு பெட்டி நடித்துக் காட்டியது. முதல் வருஷத்திலேயே பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

எங்கள் வீட்டுப் பெட்டி அடாரி இல்லை. சேலத்துக் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் 1983-ல் வந்த நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அதில் நிலைமை கொஞ்சம் வசதி. பின்னணி 8×8 புள்ளிக் கட்டங்களால் ஆனது. 32 கட்டம் அகலம், 30 கட்டம் உயரம். எந்தக் கட்டத்தில் எந்தப் புட்டா என்று ஓர் எண் மட்டும் குறித்தால் போதும், 960 பைட்டில் திரை நிறைந்துவிடும். அதன் மேல் தனியாகப் பறக்கும் சின்னப் படங்கள், ஸ்பிரைட்டுகள், 64 வரை.

ஆனால் அங்கேயும் ஊடைக் கணக்கு விடவில்லை. ஒரு கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு மேல் சிப் காட்டாது. ஒன்பதாவது, பட்டியலில் பின்னால் இருக்கிற ஒரே பாவத்துக்காக, மறைந்துவிடும். எதிரியின் குண்டு அப்படி மறைந்தால் விளையாட்டே கெட்டுப்போகும். அதனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் பட்டியலின் வரிசையை ஒவ்வொரு பிரேமிலும் மாற்றிப் போட்டார்கள். இந்தத் தடவை நீ மறை, அடுத்த தடவை அவன் மறையட்டும். கண்ணுக்கு எல்லாமே லேசாக மினுமினுக்கும், எதுவும் முழுசாகக் காணாமல் போகாது. நாங்கள் அந்த மினுக்கலைத் தூசி என்று நினைத்து, கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி ஊதி மாட்டினோம்.

அந்த டியூப் டிவி இன்னும் பரணில் இருக்கிறது. போன தீபாவளிக்கு இறக்கி ஓட்டிப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து, நொடிக்கு 240 படம் வீதம், திரையைப் படம் எடுத்துப் பாருங்கள். நம்ம ஊர் டிவியில் கற்றை நொடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே வருகிறது. போனின் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஐந்தில் ஒரு பங்கு தூரம்தான் அது போயிருக்கும். முழுப் படம் எங்கேயும் இருக்காது. இருட்டுத் திரையில் ஒரு வெளிச்சப் பட்டை மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அந்தப் பட்டைக்குள் பாதிப் பூச்சி.