காம்பென்சேஷன்: இழப்பீடா, ஊதியமா?

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகள் பலவும் லாப நோக்கற்ற நிறுவனங்கள். அவற்றின் தலைமை அதிகாரி வாங்குவதற்குப் பெயர் 'எக்ஸிகியூட்டிவ் காம்பென்சேஷன்'. இதைச் சிலர் 'நிர்வாக இழப்பீடு' என்று தமிழாக்கும்போது, பாவம், அவருக்கு என்ன விபத்தோ என்று கேட்கத் தோன்றுகிறது.

மூலம் லத்தீன். 'காம்பென்சாரே' என்றால் இரண்டை ஒருசேர வைத்து எடைபோடுவது. நம்மிடம் அதற்கு அச்சு அசலாக ஒரு சொல் உண்டு: சீர்தூக்குதல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று குறள் சொல்லும் அதே தராசு. ஒரு தட்டில் இழப்பு இருந்தால் மறுதட்டில் வைப்பது இழப்பீடு. உழைப்பு இருந்தால் ஊதியம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பே நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தைக் 'காம்பென்சேஷன்' என்றுதான் குறிக்கிறது.

அமெரிக்க வரிச் சட்டத்தில் வருவது 'ரீசனபிள் காம்பென்சேஷன்': லாப நோக்கற்ற நிறுவனம் தன் அதிகாரிக்குத் தருவது தகுந்த அளவைத் தாண்டக் கூடாது. 1996இல் வந்த அதன் 4958ஆம் பிரிவு, மீறினால் அபராத வரி என்று இதற்குப் பல்லைக் கொடுத்தது. இதேபோன்ற வேலைக்கு இதேபோன்ற நிறுவனங்கள் எவ்வளவு தரும் என்பதே அளவு. லாபத்துக்கு நடக்கும் கம்பெனிகளோடும் ஒப்பிடலாம். நல்ல ஆள் அங்கே போய்விடக் கூடாதே! சொந்த ஆதாயம் இல்லாத நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒப்பீட்டு விவரங்களைப் பார்த்து முடிவெடுத்து, காரணத்தையும் அப்போதே எழுதி வைத்தால், தொகை மிகை என்று காட்டும் சுமை வரித்துறைக்குப் போய்விடும். மிகை என்று முடிவானால் அந்த மிகைத்தொகைக்கு 25% வரி, அதுவும் வாங்கியவர் தலையில். உரிய காலத்தில் சரிசெய்யாவிட்டால் மேலும் 200%. ஒன்று மட்டும் இடிக்கிறது: எல்லோரும் பக்கத்து நிறுவனத்தைப் பார்த்தே நிர்ணயித்தால் தொகை இறங்குவது எப்போது?

சரி, தமிழில் எது? 'சம்பளம்' போதாது. போனஸ், குடியிருக்கும் வீடு, ஓய்வுக்கால நிதி எல்லாம் காம்பென்சேஷனில் அடக்கம். 'ஊதியம்' பரவாயில்லை, ஆனால் அதற்குள் ஒரு குறும்பு இருக்கிறது. 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்ற குறளில் ஊதியம் என்பது லாபம். லாப நோக்கே கூடாத இடத்தில் ஊதியமா! அந்தப் பழைய பொருள் இன்று பேச்சில் இல்லை என்பதால் துணிந்து 'மொத்த ஊதியம்' என்பேன். 'ரீசனபிள்' சேர்ந்தால் 'தகு ஊதியம்'. 'நியாயமான ஊதியம்' என்றால் கூலி உயர்வுப் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது.