எலும்புப் பெட்டி: சவப்பெட்டியும் அல்ல, அஸ்திப் பெட்டியும் அல்ல

ஈஸ்டர் நெருங்கினால் போதும், இயேசுவை விசாரித்த "பிரதான ஆசாரியன் காய்பாவின் சவப்பெட்டி" என்று ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். 1990-இல் எருசலேமின் தெற்குப் பகுதியில் கிடைத்த அந்தச் சுண்ணாம்புக்கல் பெட்டியின் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். வளர்ந்த ஆள் அதில் எப்படிப் படுப்பான் என்று வீடியோவை மொழிபெயர்த்தவர் யோசிக்கவே இல்லை. உள்ளே இருந்தவை ஆறு பேரின் எலும்புகள். ஆங்கிலத்தில் இதை ஆசுவரி என்பார்கள். லத்தீனில் 'ஓஸ்' என்றால் எலும்பு. அதிலிருந்து வந்த சொல், அவ்வளவுதான்.

இயேசுவின் காலத்து எருசலேமில், வசதியுள்ள குடும்பங்கள் பாறையில் குடைந்த கல்லறை வைத்திருந்தன. உடலைத் துணியில் சுற்றி அங்கே ஒரு மேடையிலோ மாடத்திலோ கிடத்துவார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, சதையெல்லாம் அழிந்தபின், எலும்புகளைச் சேர்த்து இந்தச் சிறு பெட்டியில் இடுவார்கள். தொடையெலும்பு அடங்கினால் போதும் என்பதே நீளத்துக்குக் கணக்கு. கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தபின் இந்தப் பழக்கம் எருசலேமில் பெரும்பாலும் மறைந்துபோனது.

சவப்பெட்டி தவறு என்று தெரிந்த சிலர் இப்போது 'அஸ்திப் பெட்டி' என்று எழுதுகிறார்கள். என் சண்டை முக்கியமாக இவர்களோடுதான். அகராதிப்படி அஸ்தி என்றால் எலும்புதான். லத்தீன் 'ஓஸ்'ஸும் வடமொழி 'அஸ்தி'யும் ஒரே வேரில் பிறந்தவைகூட. சரி, ஆனால் தமிழ் வாசகர் காதில் அஸ்தி எப்படி விழுகிறது? எரித்த சாம்பல், கலசம், ஆற்றில் கரைப்பது. யூதர்கள் பிணத்தை எரிக்கவில்லை. சொல்லின் வேர் சரியாக இருந்து என்ன பயன், வாசகர் மனதில் சிதை எரிகிறதே! நம் 'எலும்பு பொறுக்குதல்' என்ற வழக்குச் சொல்லாவது கொஞ்சம் உதவும். எபிரேயத்தில் அந்தச் சடங்கின் பெயருக்கும் அச்சு அசலாக அதே பொருள்தான். ஆனால் இங்கே சுடுகாட்டில் மறுநாளே பொறுக்கிவிடுவோம், அங்கே ஓராண்டு காத்திருந்தார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் 'என்புப் பேழை' என்பார்கள். என்பு குறளில் உள்ள நல்ல சொல். பேழைதான் இடிக்கிறது. நம் தொல்லியலில் 'ஈமப்பேழை' என்பதை, உடலை வைக்கும் பெட்டியான சார்கோபேகஸுக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'சதை தின்னி' என்று பொருள். சதையே நுழையாத பெட்டியையும் அதையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பானேன்? யூதர்களே இதற்குப் பகட்டான பெயர் தேடவில்லை. பிற்கால எபிரேயத்தில் புழங்கிய 'குளுஸ்கமா' கிரேக்கக் கடன்சொல். யோவான் 12:6-இல் யூதாஸ் சுமந்த 'பணப்பை'க்கும் கிரேக்க மூலத்தில் அதே சொல்தான்! 'எலும்புப் பெட்டி' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்றால், சொல் பிசகினால் வசனமும் மங்குகிறது. அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் பேதுரு 16-ஆம் சங்கீதத்தை எடுத்து, "அழிவைக் காணவொட்டீர்" என்பது தாவீதைப் பற்றியது அல்ல, அவன் கல்லறை இன்றும் நம்மிடத்தில் இருக்கிறது என்று வாதிடுகிறார். கேட்டவர்களுக்கு அழிவு என்பது கவிதை அல்ல. சொந்தக் கல்லறையில் தகப்பனின் சதை அழியக் காத்திருந்து, பிறகு உள்ளே போய் எலும்பைக் கையால் அள்ளியவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். இயேசுவின் மாம்சமோ அந்த அழிவைக் காணவே இல்லை, தேவன் அவரை எழுப்பினார் என்கிறார் பேதுரு. சவப்பெட்டியில் மூடிவிட்டால் இந்த வாதத்தின் கூர்மை எங்கே தெரியும்? யோவான் 19:41 இயேசுவை வைத்த இடத்தை "ஒருக்காலும் ஒருவனும் வைக்கப்பட்டிராத" புதிய கல்லறை என்று குறித்துச் சொல்வதும் அப்படித்தான். பொறுக்கி வைத்த பழைய எலும்பு எதுவும் அங்கே இல்லை.

வீடியோவுக்குக் குரல் கொடுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதிக் கொடுப்பவர் பெட்டியின் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதலாம்.