கொடைக்கானலில் ஏறாமல் நடப்பது எப்படி?

வத்தலக்குண்டிலிருந்து வளைவுக்கு வளைவு தலைசுற்ற ஏறி, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி மேலே வந்து இறங்குகிறோம். கொடைக்கானலுக்குள் டீ குடிக்கப் போனாலும் மேடு, விடுதிக்குத் திரும்பினாலும் மேடு. ஏரியைச் சுற்றிப் போகும் சாலை மட்டும் விதிவிலக்கு. சுமார் 5 கிலோமீட்டர். முட்டிவலிக்காரர்களும் பேசிக்கொண்டே நடந்துவிடுகிறார்கள். மலைக்கு நடுவில் இவ்வளவு நீளத்துக்கு மேடு பள்ளம் அதிகமில்லாத பாதை எப்படி வாய்த்தது?

தண்ணீர் போட்டுக் கொடுத்த கோடு அது. தேங்கி நிற்கும் நீரைப் புவியீர்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த மட்டம் மலைச்சரிவைத் தொடுகிற இடங்களின் தொடர்ச்சிதான் கரை. ஆகவே கரையில் எங்கே நின்றாலும் ஒரே உயரம். கொத்தனார் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்ப்பாரே, அதே வேலையை ஏரி ஊர் அளவுக்குச் செய்து வைத்திருக்கிறது. வரைபடத்தில் சம உயரக் கோடு என்று வரைவதை இங்கே தரையிலேயே பார்க்கலாம். சாலை போட்டவர்கள் அதை ஒட்டிப் போனார்கள், அவ்வளவுதான்.

இது இயற்கை ஏரி அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடை நீரை மறித்துக் கட்டிய ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 ஏக்கர் என்பது ஏறத்தாழ 24 ஹெக்டேர். அதே பரப்புள்ள ஏரி சரியான வட்டமாக இருந்தால் சுற்றளவு 1.75 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நாம் நடப்பதோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சாலை சில இடங்களில் கரையை விட்டு விலகும் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் வித்தியாசம் பெரிது.

காரணம் ஏரியின் வடிவம். நட்சத்திரம் போல் இருக்கிறது என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். உண்மையில் அது முங்கிப்போன பள்ளத்தாக்கு. ஓடைகள் பல திசையிலிருந்து வந்து சேரும் இடத்தில் தண்ணீரை நிறுத்தினால், நீர் ஒவ்வொரு ஓடையின் பள்ளத்துக்குள்ளும் பின்னோக்கி ஏறும். அதுதான் நட்சத்திரத்தின் கை. ஏரிகளை ஆராய்கிறவர்கள் நிஜக் கரையின் நீளத்தை, அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவால் வகுத்து ஒரு எண் வைத்திருக்கிறார்கள். எரிமலை வாயில் தேங்கிய ஏரிகளுக்கு அது 1-ஐ ஒட்டி நிற்கும். அணை கட்டிய மலை ஏரிகளுக்கு எகிறும்.

நடக்கிறவருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. கரை மலைப்பக்கம் உள்வாங்கும் இடமெல்லாம் பள்ளம், ஏரிக்குள் துருத்தும் இடமெல்லாம் மலை முகட்டின் நுனி. உள்வளைவின் கடைசியில் கோரைப்புல் அடர்ந்து, தரை ஈரமாக இருக்கும். சாலைக்கடியில் குழாய் வழியே நீர் வரும் சத்தம் கேட்கும். பக்கத்துச் சோலைக்கு, அதாவது மலைப் பள்ளங்களில் வளரும் அடர்ந்த குட்டை மரக்காட்டுக்கு, போக வேண்டுமென்றால் இந்த மாதிரிப் பள்ளத்தை ஒட்டி ஏறுவது நல்லது. ஓடை காலகாலமாகத் தரையை அரித்து, தான் இறங்கும் வழியின் கீழ்ப்பகுதியைச் சாய்வு குறைவாக ஆக்கி வைத்திருக்கும். முகட்டு நுனியில் ஏறினால் எடுத்த எடுப்பிலேயே மூச்சு முட்டும்.

ஏறுவது எவ்வளவு கூடுதல் வேலை? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. அதாவது 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். செலவாகும் சக்தியைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 60 கிலோ உடம்பை 100 மீட்டர் தூக்க 14 கலோரிதான் தேவை. நம் தசைகள் கால் பங்கு சக்தியைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும் என்பதால் செலவு 55 கலோரியைத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சமதள நடைக்குச் சமம். போதாததற்கு இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் கூட. சென்னையிலிருந்து வந்த அன்றே வேகம் காட்ட வேண்டாம்.

பாதையின் சாய்வுக்கும் ஒரு விதி உண்டு. மலைப்பாதை போடுகிறவர்கள், பாதையின் சாய்வு அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பார்கள். தாண்டாவிட்டால் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். தாண்டினால் பாதையே ஓடையாகும். வளைந்து போகச் சோம்பல்பட்டு செங்குத்தாக இறங்கும் குறுக்குவழிகளைப் பாருங்கள்: முழங்கால் ஆழத்துக்கு அரிப்பு, அந்தரத்தில் தொங்கும் வேர்கள். இரண்டு மழைக்காலம் போதும், ஒரு குறுக்குவழி வாய்க்காலாகிவிட.

சோலைக்குள் காலை வைத்ததும் குளிர் தெரியும். மரங்கள் உயரமில்லை, கிளைகள் முறுக்கிக்கொண்டு, தலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெயிலைத் தரைக்கு விடுவதில்லை. இலைகள் வெளிவிடும் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் போர்த்தியிருக்கும். மூடுபனி நாளில் இதன் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். வெளியே வெறும் பனிமூட்டம்தான். மரத்தடியிலோ சொட்டுச் சொட்டாக மழை. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் பாசியிலும் இலையிலும் மோதித் திரண்டு விழுகின்றன. கீழே மெத்தென்ற இலைச்சருகு அதை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிறது.

சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லை, கத்தரித்தது போல் இருக்கும். இதில் உறைபனிக்குப் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, விடியும்போது வெள்ளையாக உறைந்து கிடக்கும். அங்கே முளைத்த மரக்கன்று கருகிவிடும், புல் தப்பித்துக்கொள்ளும். சோலைக்குள் மேலே கவிந்த இலைக்கூரை தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் கன்றுகள் பிழைக்கின்றன. தீக்கும் மேய்ச்சலுக்கும் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு.

புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்ததுதான் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நடந்த பெரிய தவறு. தைலமரம், வாட்டில், பைன் என்று மலை முழுக்க நட்டார்கள். மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று நாமும் நம்புகிறோம். உதகையிலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆய்வு மையம் புல்வெளிப் பள்ளத்தையும் தைலமரம் நட்ட பள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தது. தைலமரம் வந்த பள்ளத்தில் நீர்வரத்து குறைந்தது. ஆழ வேரோடி, ஆண்டு முழுக்க நீரை உறிஞ்சி வெளிவிடும் மரம், புல்லைவிட அதிகம் குடிக்கும் என்பதே காரணம். இங்கே கொடைக்கானலில் மலை ஓடைகள்தான் ஏரிக்கு வரத்து. ஏரியில் மிஞ்சுவதுதான் வத்தலக்குண்டு சாலையில் 180 அடி விழும் சில்வர் கேஸ்கேட் அருவி.

அதற்காக வாட்டிலை ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்த்துவிடவும் முடியாது. பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில், உறைபனிக்குத் தப்பி, சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதை, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு தோப்பின் ஓரமாக நடக்க நேர்ந்தால் குனிந்து பாருங்கள். வாட்டிலின் நுணுக்கமான இலைகளுக்கு நடுவே, தடித்த பளபளப்பான இலையும் சிவந்த கொழுந்துமாக ஒரு கன்று நின்றால், அது சோலை மரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.