'கோ'வின் இறந்தகாலம் ஏன் 'வென்ட்'?

'கோ' என்ற ஆங்கில வினைக்கு இறந்தகாலம் 'வென்ட்'. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூடக் கிடையாது. இவை முதலில் இரண்டு தனித்தனி வினைகள் என்பதுதான் காரணம்.

பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலம் 'ஏயொடெ'. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். அதே காலத்தில் 'வெண்டன்' என்றொரு வினை இருந்தது. திரும்பு, திருப்பு என்று பொருள். சுற்றுதலைக் குறிக்கும் 'வைண்ட்' அதன் நெருங்கிய உறவு. ஒரு பக்கமாகத் திரும்பி நடப்பது நாளடைவில் 'போவது' என்றே ஆகிவிட்டது. 'செண்ட்' 'சென்ட்' ஆவதுபோல இந்த 'வெண்ட்'டும் இறந்தகாலத்தில் 'வென்ட்' ஆனது. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் 'ஏயொடெ'யின் தேய்ந்த வடிவமும் 'வென்ட்'டும் சேர்ந்தே புழங்கின. அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் தென் இங்கிலாந்தில் 'வென்ட்' நிலைத்துவிட்டது. 'வெண்ட்' தனக்கென்று 'வெண்டட்' என ஒன்றைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. போய்முடிந்ததைக் காட்டும் வடிவங்களில் 'ஹேஸ் கான்' என்பதில் வரும் 'கான்' மட்டுமே 'கோ'வின் சொந்த வடிவம். 'டென் இயர்ஸ் அகோ'வில் வரும் 'அகோ'வும் அந்த வேர்தான்: கழிந்துபோன பத்து ஆண்டுகள்.

ஒரு வினையின் இடைவெளியை இன்னொரு வினை நிரப்புவதை மொழியியலார் 'சப்ளீஷன்' என்பார்கள். ஸ்பானிய மொழியில் 'ஃபுயி' என்றால் 'போனேன்' என்றும் பொருள், 'இருந்தேன்' என்றும் பொருள். இத்தகைய முறைமாறிய வடிவங்கள் அன்றாடம் புழங்கும் வினைகளில்தான் தங்கும். அடிக்கடி காதில் விழுவதால் மறப்பதில்லை. ஆங்கிலக் குழந்தைகள் முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லி, '-எட்' விதி பிடிபட்டதும் 'கோட்' என்று மாற்றி, பிறகு மறுபடி 'வென்ட்'டுக்கே வருவார்கள்.

நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. 'டிட் வென்ட்' தவறு. 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டதால் பின்னால் 'கோ' போதும். 'ஹேஸ் கான் டு மதுரை' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. போய்வந்துவிட்டார் என்றால் 'ஹேஸ் பீன் டு மதுரை'. இங்கேயும் 'பீ' என்ற இன்னொரு வினை கைகொடுக்கிறது.

'கோயிங் டு' தொடக்கத்தில் ஒன்றைச் செய்வதற்காக நடந்துபோவதைத்தான் குறித்தது. 17ஆம் நூற்றாண்டுக்குள் அது எதிர்காலக் குறியாகவும் ஆகிவிட்டது; அதனால்தான் காலில்லாத மழைக்கும் அது பொருந்துகிறது. தமிழிலும் 'மழை பெய்யப் போகிறது' என்று அதே வழியில்தான் வந்திருக்கிறோம். எதிர்காலத்தைக் காட்டும்போது மட்டும் அது பேச்சில் 'கன்னா' என்று சுருங்கும். 'ஐயாம் கன்னா ஈட்' சரி. 'ஐயாம் கன்னா லண்டன்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.