கம்யூனிட்டி போலீசிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் பல காவல் நிலையங்களின் சுவரில் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று எழுதியிருக்கும். அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகத்தான் வக்கீலையோ கவுன்சிலரையோ துணைக்குத் தேடுவோம். யாருமே கிடைக்காவிட்டால் தெரிந்த ஏட்டையா. (ஏடு எழுதுவதால் ஏட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஹெட் கான்ஸ்டபிளின் 'ஹெட்'தான் நம் வாயில் ஏட்டு ஆனது, கூடவே ஓர் ஐயாவும் ஒட்டிக்கொண்டது.)

இந்தத் தயக்கத்தைப் போக்கத் தோன்றிய முறைக்குக் கம்யூனிட்டி போலீசிங் என்று பெயர். ஒரு பகுதிக்கென்று ஒரு காவலர் இருப்பார். அவருக்குத் தெருக்காரர்களைத் தெரியும், தெருக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். புகார் வந்தபின் ஜீப்பில் வந்து இறங்காமல், புகார் முளைக்கும் முன்பே நடந்து வந்து பேசுவார்.

போலீஸ் என்ற சொல்லின் வேர், நகரத்தைக் குறிக்கும் 'போலிஸ்' என்ற கிரேக்கச் சொல். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பொதுவாக ஊர் நிர்வாகத்தையே குறித்தது. 1829-இல் ராபர்ட் பீல் லண்டனில் உருவாக்கிய சீருடைப் படைக்குப் பிறகு, இன்றைய பொருள் நிலைபெற்றது. கம்யூனிட்டிக்கு லத்தீன் வேர். அதற்குள் இருக்கும் 'மூனுஸ்' என்பதற்குக் கடமை என்று பொருள். கடமையைப் பங்குபோட்டுக்கொள்பவர்கள்தான் கம்யூனிட்டி.

இதைச் 'சமூகக் காவல்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். கட்டுரையில் சரிதான், டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். 'நீங்க என்ன சமூகம்?' என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாதியை. அப்படியிருக்கச் சமூகக் காவல் என்றால் காதில் என்ன விழும்?

வீண் பயம் இல்லை இது. காவல் ஒருகாலத்தில் ஊராரின் சொந்த ஏற்பாடாகத்தான் இருந்தது. மதுரைக்காஞ்சி, தெருவில் நீர் திரண்டோடும் மழை நள்ளிரவிலும் சோர்வில்லாமல் சுற்றிவரும் 'ஊர்காப்பாளர்' பற்றிப் பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. பாடி என்றால் குடியிருப்பு. அதைக் காக்கும் பொறுப்புக்கும் அதற்காக ஊரார் கட்டிய வரிக்கும் அதே பெயர். பின்னாளில் தென்மாவட்டங்களில் காவல் சில சாதிகளின் பரம்பரை உரிமையானது. களவுபோன பொருளைக் காவல்காரர் மீட்டுத்தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாட்டைத் திரும்பப் பெறத் 'துப்புக்கூலி' கொடுக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. துப்புச் சொல்பவருக்கும் மாட்டை ஓட்டிப்போனவருக்கும் உறவு இருந்தால் கூலி யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. காவல் ஊரார் கையைவிட்டு அரசின் கைக்குப் போனது.

'ஊர்க்காவல்' என்று சொல்லலாமே என்றால், அந்தப் பெயரை ஹோம் கார்டு படைக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. தவிர, ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்த நாட்டில், ஊர்க்காவலில் யார் உள்ளே, யார் வெளியே?

'காவல்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. காப்பதும் காவல்தான், அடைத்துவைப்பதும் காவல்தான். 'காவலுக்கு நின்றார்', 'காவலில் வைத்தார்', 'காவல் மரணம்' எல்லாவற்றுக்கும் ஒரே சொல். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்தச் சொல்லின் இரண்டாவது முகம்தான் நாடு முழுக்கத் தெரிந்தது. காவல்துறை அதிகாரி பிரதீப் வி. பிலிப் 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய, போலீசுக்கு உதவும் பொதுமக்கள் குழுவான 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' பெயரும் அதில் அடிபட்டது. உறுப்பினர்கள்மீது குற்றச்சாட்டு எழ, குழு மறுத்தது. அடுத்த மாதமே அரசு தடை போட்டது. பெயரைக் கவனியுங்கள், அது போலீசின் நண்பர்கள். நமக்கு வேண்டியது தெருவின் நண்பரான போலீஸ். கேரளம் 2008-இல் தொடங்கிய திட்டத்துக்கு 'ஜனமைத்ரி', மக்கள் நட்பு, என்று பெயர் வைத்தது.

ஜப்பானின் தெருமுனைக் காவல் சாவடிக்குக் 'கோபான்' என்று பெயர்; முறைமாற்றிக் காவல் நிற்பது என்பது அதன் பொருள். அதைப் பார்த்து 1983-இல் சிங்கப்பூர் தோ பாயோவில் சிறு போலீஸ் சாவடியைத் திறந்தது. அங்குள்ள தமிழர்கள் 'நெய்பர்ஹுட்' என்பதை 'அக்கம்பக்கம்' ஆக்கியிருக்கிறார்கள். பாட்டி சொல்லும் அதே அக்கம்பக்கம்தான். அதில் சாதி வாடை இல்லை, ஊர் சேரி இல்லை. சுவரை ஒட்டி யார் குடியிருந்தாலும் உள்ளே வந்துவிடுவார்.

ஆகவே என் தேர்வு 'அக்கம்பக்கக் காவல்'. வாக்கியத்தில் இப்படி வரும்: 'ரோந்து வந்ததற்கான பட்டா புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடாமல், மாடி வீட்டு ஆச்சியிடம் மகன் வந்துவிட்டானா என்று கேட்டுவிட்டுப் போனார் எங்கள் அக்கம்பக்கக் காவலர்.'